கவுன்சிலர்களுக்கு ஊதியமா, மதிப்பூதியமா? திருவனந்தபுரம் மாநகராட்சியை முன்வைத்து ஒரு விளக்கம்

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரின் மாநகராட்சி மன்றத்தில் 101 வார்டுகள் உள்ளன. 2025 டிசம்பரில் நடைபெற்ற உள்ளாட்சித் தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி 50 இடங்களில் வென்று, மாநிலத்தில் முதன்முறையாக ஒரு மாநகராட்சியைக் கைப்பற்றியது. டிசம்பர் 26 அன்று வி.வி.ராஜேஷ் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மன்றத்தின் நிறம் மாறினாலும் உறுப்பினர்கள் முன் நிற்கும் ஒரு கேள்வி மாறவில்லை. ஐந்து ஆண்டுகள் மக்கள் பணி செய்யப்போகும் கவுன்சிலர் தமது குடும்பத்தை எதைக் கொண்டு நடத்துவார்?

நகர மன்ற உறுப்பினர்களுக்குப் பணம் வழங்க வேண்டுமா என்பது இந்தியாவிலும் உலகின் பிற நாடுகளிலும் நெடுங்காலமாக விவாதிக்கப்படும் பொருள். கேரளமும் தமிழ்நாடும் ‘வழங்கலாம்’ என்றே முடிவெடுத்துள்ளன. எனினும் எவ்வளவு, எந்த அடிப்படையில், யார் தீர்மானிப்பது ஆகிய மூன்று கேள்விகளுக்கு இரு மாநிலங்களிலும் நிலையான விடை இல்லை. இந்த விவாதத்தின் சட்டப் பின்னணி, தொகைகள், வாதங்கள், பிற நாடுகளின் அனுபவம் ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்தளிக்கிறது.

அரசமைப்புச் சட்டம் கூறுவது என்ன?

நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம், படிகள் குறித்து அரசமைப்புச் சட்டத்தின் 106ஆவது பிரிவும், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு 195ஆவது பிரிவும் வெளிப்படையாகப் பேசுகின்றன. இத்தொகைகளை அந்தந்த அவையே சட்டம் இயற்றித் தீர்மானித்துக்கொள்ளலாம்.

உள்ளாட்சி உறுப்பினர்களின் நிலை வேறு. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தம், நகராட்சிகளுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம், மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம், இட ஒதுக்கீடு ஆகியவற்றை உறுதிசெய்தது. பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகளையும் பட்டியலிட்டது. ஆனால் அந்தப் பணிகளை மேற்பார்வையிடும் உறுப்பினர்களுக்கான சம்பளம் குறித்து அது எதையும் கட்டாயமாக்கவில்லை. அந்த முடிவு மாநிலங்களிடமே விடப்பட்டது.

இதன் விளைவாக, நாடாளுமன்றமும் சட்டப்பேரவையும் தங்கள் உறுப்பினர்களின் சம்பளத்தைத் தாங்களே உயர்த்திக்கொள்ள இயலும். மாநகராட்சி மன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. கேரளத்தில் 1994ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டத்தின் கீழ் மாநில அரசு நிர்ணயிக்கும் தொகையே மேயருக்கும் கவுன்சிலர்களுக்கும் வழங்கப்படுகிறது. திருவனந்தபுரம் மாநகராட்சி மன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினாலும், அது அரசுக்கு விடுக்கும் கோரிக்கையாகவே அமையும்.

ஊதியத்துக்கும் மதிப்பூதியத்துக்கும் என்ன வேறுபாடு?

‘ஊதியம்’ என்பது செய்யும் பணிக்கு ஈடாக வழங்கப்படுவது. பெறுபவர் அதைக் கொண்டு வாழ்க்கை நடத்துவார் என்ற எதிர்பார்ப்பு அதில் அடங்கியுள்ளது. ‘மதிப்பூதியம்’ என்பது தன்னார்வப் பணியை மதித்து வழங்கப்படும் தொகை. அதைப் பெறுபவருக்கு வேறு வருவாய் உண்டு என்பதே அதன் உள்ளுறை. மூன்றாவது வகை ‘அமர்வுப் படி’. இது மன்றக் கூட்டத்திலோ நிலைக்குழுக் கூட்டத்திலோ கலந்துகொண்ட நாளுக்கு மட்டும் வழங்கப்படுவது.

இந்திய மாநகராட்சிகள் பெரும்பாலும் பின்னிரண்டு வகைகளையே கையாள்கின்றன. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1882இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானத்தை ஒட்டி வளர்ந்த நகர மன்றங்களில் வரி செலுத்துவோர், சொத்துடையோர், வழக்கறிஞர்கள், வணிகர்கள் ஆகியோரே பெரும்பாலும் இடம்பெற்றனர். அவர்களுக்கு நகர மன்றப் பணி ஒரு கௌரவம். வருவாய்க்கு வேறு வழி இருந்தது. திருவனந்தபுரம் 1920இல் நகராட்சியாகவும், 1940 அக்டோபர் 30 அன்று மாநகராட்சியாகவும் உருப்பெற்றது அந்தக் காலகட்டத்தில்தான்.

இன்றைய மன்றத்தின் அமைப்பு முற்றிலும் வேறானது. கேரளத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. பட்டியல் சாதியினருக்கும் பட்டியல் பழங்குடியினருக்கும் தனி இடங்கள் உள்ளன. 2020 டிசம்பரில் 21 வயதுக் கல்லூரி மாணவி ஆர்யா ராஜேந்திரன் திருவனந்தபுரத்தின் மேயராகி, நாட்டின் மிக இளவயது மேயர் என்ற பெயரைப் பெற்றார். சொத்தும் தொழிலும் உடையவர்களைக் கருத்தில் கொண்டு உருவான மதிப்பூதிய முறை, இவ்வாறு புதிதாக உள்ளே வந்தவர்களுக்குப் பொருந்துமா என்பதே விவாதத்தின் மையம்.

கேரளத்தில் எவ்வளவு?

2016இல் இடது ஜனநாயக முன்னணி அரசு உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் மதிப்பூதியத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. அதன்படி மாநகராட்சி மேயருக்கு மாதம் ரூ.15,800, துணை மேயருக்கு ரூ.13,200, கவுன்சிலருக்கு ரூ.8,200 என நிர்ணயிக்கப்பட்டது. கிராம ஊராட்சித் தலைவருக்கு ரூ.13,200, உறுப்பினருக்கு ரூ.7,000 என்ற அளவு வகுக்கப்பட்டது. பின்னர் 2021 ஜனவரியில் அன்றைய நிதியமைச்சர் தாமஸ் ஐசக் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில் மேலும் ரூ.1,000 உயர்வு அறிவிக்கப்பட்டது.

இவ்விரண்டையும் சேர்த்தால் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் ரூ.9,200 ஆகிறது. முப்பது நாட்களுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூ.307. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் 2025-26ஆம் நிதியாண்டில் கேரளத்துக்கு அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி ரூ.369.

தேர்தல் செலவுடன் ஒப்பிட்டாலும் இத்தொகையின் அளவு விளங்கும். கேரளத்தில் மாநகராட்சி வேட்பாளர் ஒருவர் ரூ.1.5 லட்சம் வரை செலவிடலாம் என மாநிலத் தேர்தல் ஆணையம் வரம்பு விதித்துள்ளது. அந்த வரம்பு வரை செலவிட்டு வென்றவர், பதினாறு மாதங்களுக்கும் மேலாகத் தமது மதிப்பூதியம் முழுவதையும் சேர்த்தால்தான் அத்தொகையை ஈடுசெய்ய முடியும்.

அதே நகரில் அமைந்துள்ள சட்டப்பேரவையின் உறுப்பினருக்கு, 2018இல் செய்யப்பட்ட உயர்வுக்குப் பின் படிகள் உட்பட மாதம் ரூ.70,000 என்ற அளவு நிர்ணயிக்கப்பட்டது. நீதிபதி ஜே.எம்.ஜேம்ஸ் ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து அவ்வுயர்வு செய்யப்பட்டது.

தலைமைச் செயலகத்தின் முன் ஒலித்த அதே சொல்

‘மதிப்பூதியம்’ என்ற சொல் திருவனந்தபுரத்தில் அண்மையில் வேறொரு களத்திலும் விவாதப் பொருளானது. 2025 பிப்ரவரி 10 அன்று ஆஷா பணியாளர்கள் தலைமைச் செயலகத்தின் முன் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அப்போது அவர்களுக்கு மாநில அரசு வழங்கிய மதிப்பூதியம் மாதம் ரூ.7,000. அதை ரூ.21,000 ஆக உயர்த்த வேண்டும் என்பது அவர்களது முக்கியக் கோரிக்கை. அக்டோபர் இறுதியில் அரசு ரூ.1,000 உயர்வை அறிவித்தது. நவம்பர் 1 அன்று தலைமைச் செயலகத்தின் முன் நடைபெற்ற தொடர் போராட்டம் முடிவுக்கு வந்தது.

ஆஷா பணியாளர்களும் கவுன்சிலர்களும் ஒரே நிலையில் இருப்பவர்கள் அல்லர். ஒருவர் திட்டப் பணியாளர். மற்றவர் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு அதிகாரம் பெற்றவர். ஆனால் இரு தரப்பினரையும் அரசு ‘தன்னார்வலர்’ என்ற அடிப்படையிலேயே கணக்கிடுகிறது. நாள் முழுவதும் வேலை கேட்கும் பணிக்கு மதிப்பூதியம் என்ற பெயர் பொருந்துமா என்ற ஆஷா பணியாளர்களின் கேள்வி, கவுன்சிலர்களின் நிலைக்கும் பொருந்துகிறது. கவுன்சிலர்களின் மதிப்பூதியத்தை உயர்த்தும் எந்த அரசும், ஆஷா பணியாளர்களுக்கு ஏன் அதே வேகத்தில் உயர்த்தவில்லை என்ற கேள்விக்கும் பதில் கூற வேண்டியிருக்கும். மதிப்பூதிய உயர்வை அரசியல் கட்சிகள் தயக்கத்துடன் அணுகுவதற்கு இது ஒரு காரணம்.

கவுன்சிலரின் பணி பகுதிநேரமானதா?

திருவனந்தபுரம் மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 215 சதுர கிலோமீட்டர். ஸ்ரீகாரியம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு, விழிஞ்ஞம், கழக்கூட்டம் ஆகிய ஐந்து ஊராட்சிகள் 2010இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. மீனவர் குடியிருப்புகள், தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், மலைச்சரிவுகள், பழைய கோட்டைப் பகுதி ஆகியவை அனைத்தும் ஒரே மன்றத்தின் கீழ் வருகின்றன.

கவுன்சிலரின் பணி மன்றக் கூட்டத்துடன் முடிவதில்லை. மேயரைத் தவிர்த்த உறுப்பினர்கள் அனைவரும் நிதி, வளர்ச்சி, நலன், சுகாதாரம், பொதுப்பணி, நகரமைப்பு, வரி மேல்முறையீடு, கல்வி-விளையாட்டு ஆகிய எட்டு நிலைக்குழுக்களில் பங்கேற்கின்றனர். வீட்டுவசதித் திட்டங்கள், சமூகநல ஓய்வூதியங்கள் போன்றவற்றின் பயனாளிகள் தொடர்பான பணிகள், தெருவிளக்கு, கால்வாய் அடைப்பு, குடிநீர், குப்பை அகற்றம் ஆகியவை குறித்த புகார்கள் அனைத்தும் முதலில் கவுன்சிலரிடமே வருகின்றன.

கேரளத்தில் இப்பணியின் சுமை பிற மாநிலங்களைவிடக் கூடுதலானது எனக் கூறுவதற்குக் காரணம் உண்டு. 1996 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கப்பட்ட மக்கள் திட்ட இயக்கத்தின்போது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒதுக்க முடிவு செய்யப்பட்டது. திட்டம் வகுப்பது, மதிப்பீடு தயாரிப்பது, செலவைக் கண்காணிப்பது ஆகியவற்றில் உறுப்பினர்களுக்கு நேரடிப் பொறுப்பு உருவானது. மாநிலம் முழுவதும் முன்னுதாரணமாகப் பேசப்படும் இந்த அதிகாரப் பரவலாக்கம், பகுதிநேர உறுப்பினர்களை நம்பியே நடைபெறுகிறது.

குப்பைப் பிரச்சினை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. விளப்பில்சாலையில் இயங்கிய மாநகராட்சியின் கழிவுப் பதப்படுத்தும் ஆலை, உள்ளூர் மக்களின் எதிர்ப்பால் 2011 இறுதியில் மூடப்பட்டது. அதன் பின்னர் கழிவைப் பிறக்கும் இடத்திலேயே கையாளும் முறைக்கு நகரம் மாற நேர்ந்தது. வீடு வீடாகப் பிரித்தெடுத்தல், சேகரிப்பு மையங்களுக்கு இடம் தேடுதல், அண்டை வீட்டாரின் எதிர்ப்பைச் சமாளித்தல் ஆகியவை வார்டு அளவிலேயே நடந்தாக வேண்டும். 2024 ஜூலையில் ஆமையிழஞ்சான் கால்வாயில் கழிவை அகற்ற இறங்கிய தூய்மைப் பணியாளர் ஒருவர் உயிரிழந்தபோது, நகரின் கழிவு மேலாண்மை குறித்த கேள்விகள் மாநகராட்சியை நோக்கியும் எழுந்தன.

தமிழ்நாட்டில் நிலை என்ன?

தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. 21 மாநகராட்சிகளில் 1,374, நகராட்சிகளில் 3,843, பேரூராட்சிகளில் 7,621 என மொத்தம் 12,838 வார்டு உறுப்பினர் பதவிகள் அப்போது இருந்தன. புதிதாக மாநகராட்சியான கும்பகோணத்தின் முதல் மேயராக ஆட்டோ ஓட்டுநர் க.சரவணன் தேர்ந்தெடுக்கப்பட்டது அன்று பரவலாகப் பேசப்பட்டது.

அவர் பொறுப்பேற்றபோது தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு இப்போதுள்ள மாத மதிப்பூதிய முறை இல்லை. உறுப்பினர்கள் தொடர்ந்து கோரிக்கை விடுத்ததை அடுத்து, 2023 ஜூலை முதல் மாத மதிப்பூதியம் வழங்கப்படும் என மாநில அரசு அறிவித்தது. அதன்படி மாநகராட்சி மேயருக்கு ரூ.30,000, துணை மேயருக்கு ரூ.15,000, கவுன்சிலருக்கு ரூ.10,000 என நிர்ணயிக்கப்பட்டது. நகராட்சித் தலைவருக்கு ரூ.15,000, துணைத் தலைவருக்கு ரூ.10,000, உறுப்பினருக்கு ரூ.5,000, பேரூராட்சித் தலைவருக்கு ரூ.10,000, துணைத் தலைவருக்கு ரூ.5,000, உறுப்பினருக்கு ரூ.2,500 என்பது ஏனைய அளவுகள்.

இரு மாநிலங்களையும் ஒப்பிட்டால் அணுகுமுறையில் வேறுபாடு தெரிகிறது. தமிழ்நாடு மேயர் பதவிக்குக் கூடுதல் எடை அளிக்கிறது; மேயரின் தொகை கவுன்சிலரின் தொகையைப் போல மூன்று மடங்கு. கேரளத்தில் 2016ஆம் ஆண்டு அளவின்படி மேயரின் தொகை கவுன்சிலருடையதைவிட இரு மடங்குக்கும் குறைவு. மேலும், கேரளம் கிராம ஊராட்சி உறுப்பினருக்கும் மாநகராட்சிக் கவுன்சிலருக்கும் இடையே பெரிய இடைவெளி வைக்கவில்லை. தமிழ்நாட்டிலோ பேரூராட்சி உறுப்பினரின் தொகை மாநகராட்சிக் கவுன்சிலர் பெறுவதில் நான்கில் ஒரு பங்கு.

மும்பையும் டெல்லியும்

மகாராஷ்டிரத்தில் 2017இல் செய்யப்பட்ட மாற்றத்தின்படி மும்பை மாநகராட்சி உறுப்பினரின் மதிப்பூதியம் மாதம் ரூ.10,000இலிருந்து ரூ.25,000 ஆக உயர்ந்தது. புணே, நாக்பூர் போன்ற மாநகராட்சிகளுக்கு ரூ.20,000 என்றும், சிறிய மாநகராட்சிகளுக்கு அதைவிடக் குறைவாகவும் தரவரிசைப்படி வகுக்கப்பட்டது.

மறுமுனையில் நிற்பது டெல்லி. 250 வார்டுகள் கொண்ட டெல்லி மாநகராட்சியின் உறுப்பினர்களுக்கு மாதச் சம்பளம் இல்லாமல், கூட்டமொன்றுக்கு ரூ.300 என்ற அளவில் படி மட்டுமே நீண்ட காலமாக வழங்கப்பட்டு வந்துள்ளது. 2011 மக்கள்தொகையை வைத்துக் கணக்கிட்டால், அங்கு ஒரு வார்டில் சராசரியாக 65,000 பேர் வசிக்கின்றனர். பெரிய நகரம், பெரிய வார்டு என்றால் தொகையும் அதிகமாக இருக்கும் என்ற எண்ணம் இந்தியாவில் பொருந்தவில்லை என்பதை இது காட்டுகிறது.

எதிர்ப்பாளர்களின் வாதம்

கவுன்சிலர்களுக்கு ஊதியம் வழங்குவதை எதிர்ப்போர் முன்வைக்கும் காரணங்கள் புறந்தள்ளத்தக்கவை அல்ல.

முதலாவது, பொதுப்பணி தொண்டாகவே இருக்க வேண்டும். சம்பளம் வந்தால் பதவி ஒரு பிழைப்பாக மாறிவிடும் என்பது. இரண்டாவது, மாநகராட்சியின் பணம் வரி செலுத்துவோரின் பணம். சாலையும் வடிகாலும் காத்திருக்கும்போது உறுப்பினர்களுக்கு உயர்வு எதற்கு என்பது. மூன்றாவது, ஊதியம் உயர்ந்தால் முறைகேடு குறையும் என்பதற்கு உறுதி இல்லை என்பது. நல்ல சம்பளம் பெறும் அரசு அதிகாரிகளும் கையூட்டு வழக்குகளில் சிக்குவதை அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

ஆதரவாளர்களின் மறுமொழி இதுதான்: ஊதியம் இல்லாவிட்டால் தொண்டு மனம் படைத்தவர்கள் மட்டுமே வருவார்கள் என்பதற்கும் உறுதி இல்லை. வருவாயைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாதவர்களும், கட்சியோ குடும்பமோ தாங்கிப்பிடிப்பவர்களும், பதவியை வேறு வழியில் பணமாக்கத் தெரிந்தவர்களும் அதே வாசல் வழியாக வருகின்றனர். தினக்கூலித் தொழிலாளியும், மீன் விற்கும் பெண்ணும், கடையில் வேலை செய்யும் இளைஞரும் அந்த வாசலில் நின்றுவிடுகின்றனர். இட ஒதுக்கீடு அவர்களுக்கு மன்றத்தில் இடத்தைத் தருகிறது. அந்த இடத்தில் ஐந்து ஆண்டுகள் அமர்ந்திருப்பதற்கான வசதியைத் தரவில்லை.

பிற நாடுகளின் அனுபவம்

இதே வாதம் பிரிட்டனில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுந்தது. 1838இல் சார்ட்டிஸ்ட் இயக்கத்தினர் வெளியிட்ட மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளுள் ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஊதியம் வழங்குவது. தொழிலாளர்கள் அவைக்குள் நுழைய அது தேவை என அவர்கள் வாதிட்டனர். 1911இல்தான் ஆண்டுக்கு 400 பவுண்டு என்ற ஊதியம் நடைமுறைக்கு வந்தது.

இங்கிலாந்தின் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கு இன்றும் சம்பளம் இல்லை, படிகள் உண்டு. ஆனால் அவற்றைத் தீர்மானிக்கும் முறை கவனிக்கத்தக்கது. 2003ஆம் ஆண்டு விதிகளின்படி, உறுப்பினர் அல்லாதோர் அடங்கிய தனிக்குழு ஒன்று தொகையைப் பரிந்துரைக்க வேண்டும். மன்றம் அந்தப் பரிந்துரையைக் கருத்தில் கொண்ட பின்னரே முடிவெடுக்கலாம். உறுப்பினரின் உழைப்பில் ஒரு பகுதி ஊதியமில்லாத் தொண்டு எனக் கழித்துவிட்டு, எஞ்சியதற்கு மட்டும் தொகை கணக்கிடும் வழக்கமும் அங்குண்டு.

பிரேசில் வேறொரு வழியைத் தேர்ந்தது. நகர மன்ற உறுப்பினரின் ஊதியம், மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் ஊதியத்தில் எத்தனை விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதை அந்நாட்டு அரசமைப்புச் சட்டமே வரையறுக்கிறது. 10,000 பேர் வரை வசிக்கும் ஊருக்கு 20 விழுக்காடு. 5 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகருக்கு 75 விழுக்காடு என்பது வரம்பு. 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கும் திருவனந்தபுரத்துக்கு இந்த அளவுகோலைப் பொருத்தி, 2018ஆம் ஆண்டின் ரூ.70,000 என்ற தொகையை அடிப்படையாகக் கொண்டால், கவுன்சிலருக்கான உச்சவரம்பு ரூ.52,500 ஆக இருக்கும்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரம் முழுநேர ஊதிய முறைக்கு எடுத்துக்காட்டு. 51 உறுப்பினர்கள் கொண்ட அந்த மன்றம் 2016இல் ஆண்டு ஊதியத்தை 1,48,500 டாலராக உயர்த்தியபோது, உறுப்பினர்கள் வெளியில் வருவாய் ஈட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. குழுத் தலைவர்களுக்கு வழங்கப்பட்ட கூடுதல் தொகைகளையும் நீக்கியது. முழு ஊதியம் பெறுபவர் முழு நேரத்தையும் தர வேண்டும் என்பது அதன் அடிப்படை.

ஆய்வுகள் காட்டுவது என்ன?

பிரேசிலின் மக்கள்தொகை வரம்புகளைப் பயன்படுத்தி, கிளாடியோ ஃபெராஸ், ஃபிரெடெரிகோ ஃபினான் ஆகிய பொருளியல் அறிஞர்கள் ஆய்வு மேற்கொண்டனர். வரம்புக்குச் சற்று மேலும் கீழுமாக உள்ள ஊர்களை ஒப்பிட்டதில், ஊதியம் உயர்ந்த இடங்களில் தேர்தல் போட்டி கூடியது. கல்வித் தகுதி அதிகமுள்ளோர் முன்வந்தனர். மன்றங்களின் செயல்பாடும் ஓரளவு மேம்பட்டது என அவர்கள் கண்டனர். இத்தாலிய நகர மேயர்களைப் பற்றி ஸ்டெஃபானோ காலியார்துச்சி, தொமாசோ நன்னிச்சினி ஆகியோர் நடத்திய ஆய்வும், கூடுதல் ஊதியம் படித்தவர்களை ஈர்த்ததுடன் நிர்வாகச் செலவையும் குறைத்தது என்ற முடிவை எட்டியது.

இந்த முடிவுகளை அப்படியே கேரளத்துக்குப் பொருத்த இயலாது. படித்தோர் விழுக்காடு மிகுந்த இம்மாநிலத்தில் கல்வித் தகுதி பெரிய சிக்கல் அல்ல. எவ்வகைக் குடும்பங்களிலிருந்து உறுப்பினர்கள் வருகின்றனர் என்பதே முதன்மையான கேள்வி. எனினும் ஊதியம் உயர்ந்தால் மன்றத்தின் தரம் தாழ்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு இந்த ஆய்வுகள் ஆதரவு தரவில்லை.

எவ்வளவு செலவாகும்?

மாதம் ரூ.9,200 என்ற கணக்கில் திருவனந்தபுரத்தின் 101 உறுப்பினர்களுக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.1.12 கோடி தேவைப்படும். இதை மூன்று மடங்காக்கினாலும் ரூ.3.35 கோடிதான் ஆகும். ஒரு தலைநகர மாநகராட்சிக்கு இது தாங்க முடியாத தொகை எனக் கூற இயலாது.

ஆனால் மாநில அரசு ஒரு நகரை மட்டும் கருதி முடிவெடுக்க முடியாது. 2025 டிசம்பரில் கேரளத்தில் 1,199 உள்ளாட்சி அமைப்புகளின் 23,576 வார்டுகளுக்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் மாதம் ரூ.1,000 உயர்த்தினால் ஆண்டுக்கு ரூ.28 கோடிக்கு மேல் கூடுதலாகும். மாதம் ரூ.10,000 உயர்வு என்றால் ரூ.280 கோடியைத் தாண்டும். தமிழ்நாட்டின் 12,838 நகர்ப்புற உறுப்பினர்களுக்கு, 2023ஆம் ஆண்டு அளவின்படி அனைவரையும் சாதாரண உறுப்பினராகக் கொண்டு கணக்கிட்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.62 கோடி தேவை. நிதி நெருக்கடியில் உள்ள மாநில அரசுகள் தயங்குவதற்கான காரணம் இந்தப் பெருக்கலில் உள்ளது.

தீர்மானிக்க வேண்டியவை

வழங்கலாமா, கூடாதா என்ற கட்டத்தைக் கேரளமும் தமிழ்நாடும் கடந்துவிட்டன. இனி முடிவெடுக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பதவி முழுநேரமா, பகுதிநேரமா என்பதைத் தெளிவாக அறிவித்தல். மேயர், நிலைக்குழுத் தலைவர்கள் ஆகியோரின் பணி நடைமுறையில் முழுநேரப் பணி. அவர்களுக்கு ஊதியமும், ஏனைய உறுப்பினர்களுக்கு மதிப்பூதியமும் எனப் பிரித்து வழங்குவது ஒரு வழி.

இரண்டாவது, தொகையைத் தீர்மானிக்கும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பது. சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளத்துக்கு நீதிபதி ஒருவரின் தலைமையில் ஆணையம் அமைத்த கேரளம், கவுன்சிலர்களுக்கும் அவ்வாறு செய்யலாம். அரசமைப்புச் சட்டத்தின் 243ஐ, 243ஒய் பிரிவுகளின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்கப்படும் மாநில நிதி ஆணையத்திடமும் இப்பொறுப்பை அளிக்கலாம். நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் மூலம் விலைவாசிக் குறியீட்டுடன் இணைக்கப்பட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தானாகவே உயர்கிறது. ரூ.1 லட்சமாக இருந்த அத்தொகை 2023 ஏப்ரல் முதல் ரூ.1.24 லட்சமாக மாறியது அவ்வாறே. அதே முறையைக் கவுன்சிலர்களுக்கும் விரிவுபடுத்தத் தடை ஏதும் இல்லை.

மூன்றாவது, பொறுப்புடைமை. கேரளச் சட்டப்படி தொடர்ந்து மூன்று மாதங்கள் கூட்டங்களுக்கு வராத உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். உறுப்பினர்கள் சொத்து விவரம் தாக்கல் செய்யவும் கடமைப்பட்டவர்கள். உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஒம்பட்ஸ்மேனும் இயங்குகிறார். ஊதியம் உயரும்போது, வருகைப் பதிவு, நிலைக்குழுப் பங்கேற்பு, வெளி வருவாய் விவரம் ஆகியவற்றை வாக்காளர்கள் எளிதில் காணும் வகையில் வெளியிடச் செய்வது அதன் மறுபக்கமாக அமைய வேண்டும்.

இவை மூன்றும் தீர்மானிக்கப்படாத வரை, கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் மதிப்பூதியம் நிதிநிலை அறிக்கையில் அவ்வப்போது இடம்பெறும் ஓர் அறிவிப்பாகவே தொடரும். மன்றத்தில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிய கேரளத்தில், வேறு வருவாய் இல்லாத ஒரு பெண் மேயர் நாற்காலியில் அமர்ந்து ஐந்து ஆண்டுகளை நிறைவு செய்ய முடியுமா என்பதே அந்த அறிவிப்புகளை அளக்கும் அளவுகோலாக இருக்கும்.